ஒட்டிய பவளம் ஏன் கழன்று விழுகிறது?

கேள்வி: என்னிடம் ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளளவுள்ள பவளப்பாறைத் தொட்டி 8 மாதங்களாக இருக்கிறது. நண்பர் ஒருவர் 3 ஜோவாந்திட் துண்டுகளும் (பொத்தான் போன்ற சிறு உயிர்கள் கூட்டமாக வளரும் பவள வகை), 2 காளான் பவளங்களும், சிறிய தோல் பவளம் ஒன்றும் கொடுத்தார். சூப்பர் க்ளூ வைத்துப் பாறையில் ஒட்டினேன். மறுநாள் காலையில் எல்லாம் மணலில் கிடந்தன. இரண்டாம் முறை பசையைத் தாராளமாக வைத்ததில் ஒரு ஜோவாந்திட்டின் மேல் வெள்ளைப் படலம் படிந்து அது சுருங்கிப் போய்விட்டது. நான் செய்யும் தவறு என்ன? ஒட்டிய பின் எத்தனை நாளில் விரியும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். தொட்டியின் பழைய பாறை ஒன்றில் பழுப்பு நிறப் பாலிப்கள், அதாவது பவளக் கூட்டத்தின் தனித்தனிச் சிற்றுயிர்கள், வேண்டாத அளவுக்குப் பரவிவிட்டன. பாறையை வெளியே எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தபோது முகத்தில் நீர் தெறித்தது. அன்றிரவு நாக்கில் உலோகக் கசப்பு இருந்தது; காலையில் போய்விட்டது. அந்தப் பாறையைக் கொதிநீரில் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: தங்கள் கடிதத்தில் கடைசியாக இருக்கும் கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பாறையைக் கொதிநீரில் போடாதீர்கள். கொதிநீரை அதன் மேல் ஊற்றவும் வேண்டாம், வெயிலில் காயவைத்துச் சுரண்டவும் வேண்டாம், நீரைப் பீய்ச்சி அடிக்கும் குழாயால் கழுவவும் வேண்டாம். தங்கள் நாக்கில் அன்றிரவு தங்கிய கசப்பு தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பழுப்புப் பாலிப்களும் ஜோவாந்திட் வகையாக இருக்கக்கூடும்; அவ்வகையில் சிலவற்றில் இருக்கும் பாலிடாக்சின் என்னும் நஞ்சு உடலுக்குள் போனவர்கள் பலர் முதலில் சொல்லும் அறிகுறி வாயில் உலோகச் சுவையோ கசப்போதான். அது காலையில் நீங்கிவிட்டதாலும், வேறு தொல்லை எதையும் தாங்கள் குறிப்பிடாததாலும், உள்ளே சென்ற அளவு மிகக் குறைவாக இருந்திருக்கும் என்று நம்பலாம். ஆயினும் இதைப் படிக்கும்போது தசைவலி, காய்ச்சல், மூச்சு இறுக்கம், நெஞ்சுவலி, கண்ணில் எரிச்சல், சிறுநீர் கருமையாகப் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டு மீதியைப் படியுங்கள்.

மருத்துவரிடம் வெறுமனே காய்ச்சல் என்று சொல்லக் கூடாது; கடல்நீர்த் தொட்டியில் ஜோவாந்திட் பவளங்களைக் கையாண்டதையும், பாலிடாக்சின் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நஞ்சின் பெயரைத் தம் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கேட்காத மருத்துவர்கள் இருப்பார்கள், அதில் அவர்கள் குறை ஏதும் இல்லை. தொடக்க அறிகுறிகள் சாதாரண விஷக்காய்ச்சலைப் போலவே இருப்பதால், தகவல் நம்மிடமிருந்து போகாவிட்டால் திசை மாறிவிடும். இதற்கு முறிமருந்து கிடையாது. மூச்சு, இதயத்துடிப்பு, சிறுநீரகம், தசைச் சிதைவு ஆகியவற்றைக் கவனித்து உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

ஏன் இவ்வளவு அச்சுறுத்துகிறேன் என்று தோன்றலாம். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மாவி தீவில், ஹானா பகுதியின் கடலோரக் குட்டை ஒன்றில் வளரும் ஒன்றை அங்குள்ள மக்கள் கொல்லும் பாசி என்ற பொருளில் அழைத்து, ஈட்டி முனைகளில் தடவப் பயன்படுத்தியதாக மரபுச் செய்தி உண்டு. பாசி என்று அவர்கள் கருதியது உண்மையில் பாலித்தோவா என்னும் பாலிப் கூட்டம். அதிலிருந்து ரிச்சர்ட் மூரும் பால் ஷாயரும் 1971-இல் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார்கள். நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சவ்விலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் ஓர் ஏற்றம் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. பாலிடாக்சின் அந்த ஏற்றத்தில் போய் அமர்ந்து, அதைத் திறந்தே கிடக்கும் மடைவாயாக மாற்றிவிடுகிறது. தசை, இதயம், நரம்பு, கண்ணின் வெண்விழிப்படலம் என்று வேறுபாடில்லாமல் எல்லாமே தாக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்; அந்த ஏற்றம் இல்லாத திசு நம்மிடம் இல்லை.

கொதிக்கவைப்பதில் உள்ள ஆபத்து என்னவென்றால், இந்த நஞ்சு சமையலறை வெப்பத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. பாலிப் செத்துவிடும், நஞ்சு சாகாது. கொதிக்கும் நீரிலிருந்து எழும் நுண்துளிகள் அதைச் சுமந்துகொண்டு வீடெங்கும் பரவும். பாறையைத் தொடாமல் அடுத்த அறையில் இருந்தவர்களும் வீட்டு விலங்குகளும் நோயுற்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன்தொட்டிக் கடைகளிலும் வீடுகளிலும் நிகழ்ந்த இத்தகைய மூச்சுவழிப் பாதிப்புகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-இல் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. பாறையைக் கொதிக்க வைப்பது பழைய கைவழக்கம். அதைத் தங்களுக்குச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டிருக்கிறேன், நல்லவேளையாகச் செய்ததில்லை.

அப்படியானால் அந்தப் பாறையை என்ன செய்வது? என் முதல் யோசனை, முடிந்தால் ஒன்றும் செய்யாதிருப்பதுதான். பாறையை மற்றப் பாறைகளிலிருந்து பிரித்து, நான்கு புறமும் மணல் இருக்கும்படி தனித்தீவாக வைத்துவிட்டால் பாலிப்கள் பரவுவதற்கு வழி குறைந்துவிடும். தொந்தரவு செய்யப்படாத கூட்டம் தொட்டியில் அமைதியாகத்தான் இருக்கும். அகற்றியே ஆக வேண்டும் என்றால், பாறை முழுதும் மூழ்கும் அளவுள்ள மூடியுள்ள வாளியைத் தொட்டிக்கு அருகில் கொண்டுவந்து, தொட்டி நீரிலேயே பாறையை மூழ்கவைத்து, மூடி, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே அந்த நீரை மற்றொரு வாளிக்கு மெதுவாக வடித்துவிட்டு, 1 பங்கு வீட்டு உபயோக ப்ளீச்சுக்கு 9 பங்கு நல்ல தண்ணீர் என்ற கணக்கில் அன்றே கலந்த கரைசலைப் பாறை மூழ்கும் வரை தெறிக்காமல் ஊற்றுங்கள். பாலிடாக்சினைச் சிதைப்பதற்கு இவ்வகைக் கரைசலில் குறைந்தது 30 நிமிடம் ஊறினால் போதும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் பாறையின் துளைகளுக்குள் கரைசல் இறங்க வேண்டும், உயிர்ப்பொருள் மிகுதியாக இருந்தால் ப்ளீச்சின் வீரியமும் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், நான் ஒரு முழுநாள் விட்டு, புதுக் கரைசலில் இன்னொரு நாளும் ஊறவைப்பேன். வடித்த நீரிலும் அதே விகிதத்தில் ப்ளீச் கலந்த பிறகே கொட்ட வேண்டும். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ப்ளீச்சை நம்ப வேண்டாம். அது வெறும் உப்புநீராகியிருக்கக்கூடும். ப்ளீச்சோடு வினிகர், அமிலம், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் எதுவும் சேரவே கூடாது. பாறையைத் திரும்பப் பயன்படுத்த விரும்பினால், பலமுறை அலசி, குளோரின் நீக்கியில் ஊறவைத்து, வாசனை முற்றிலும் போன பிறகே தொட்டிக்குள் விடலாம். அந்தப் பாறையில் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்களும் செத்துவிட்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி, கையில் இருக்கும் துண்டுகளுக்கு வருவோம். கடைகளில் இவை அனைத்துக்கும் மென்பவளம் என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. உயிரியல்படி பார்த்தால் தங்களிடம் இருப்பவை மூன்று தனித்தனிக் குலங்கள். தோல் பவளம்தான் உண்மையான மென்பவளம். அதன் ஒவ்வொரு பாலிப்பிலும் இறகு போன்ற 8 கைகள் இருக்கும். ஜோவாந்திட்களும் காளான் பவளங்களும் கல்பவளங்களுக்கும் கடல் அனிமோன்களுக்கும் நெருங்கிய உறவினர்கள். இந்தக் குலப்பிரிவை நான் சொல்வது தேர்வுக்குப் படிப்பதற்காக அல்ல. ஒட்டும் முறை மூன்றுக்கும் வேறுவேறு, பாலிடாக்சின் பற்றிய அச்சமும் ஜோவாந்திட் குலத்தைப் பற்றியதே, அதனால்தான் சொல்கிறேன்.

அந்தக் குலத்துக்குள்ளும் பாலித்தோவா இனங்களில்தான் நஞ்சு மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது; சாதாரண ஜோவாந்தஸ் இனங்கள் பலவற்றில் சோதனையில் எதுவும் தென்படவில்லை. பாலித்தோவா தன் உடற்சுவரில் மணல் துகள்களைப் பதித்துக்கொள்ளும், அடிப்பகுதி சொரசொரப்பாக இருக்கும். ஜோவாந்தஸ் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் கண்ணால் பார்த்து இது நஞ்சுள்ளது, இது இல்லாதது என்று பிரிக்க முயல வேண்டாம். வணிகத்தில் கிடைக்கும் துண்டுகளை 2011-இல் சோதித்த ஆய்வொன்றில், பார்வைக்கு ஒத்திருக்கும் மாதிரிகளுக்கிடையே நஞ்சின் அளவு பெரிதும் வேறுபட்டது. ஆகவே பெயர் எதுவாயினும், நிறம் எவ்வளவு அழகாயினும், ஜோவாந்திட் என்றால் நஞ்சு உண்டு என்று வைத்துக்கொண்டே கை வைப்பது என் வழக்கம்.

பவளத்தைத் தொடும் நாளில் நைட்ரைல் கையுறையும், பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். மூக்குக்கண்ணாடி போதாது. பாலிப்பை வெட்டினாலோ அழுத்தினாலோ உள்ளிருக்கும் நீரைப் பீய்ச்சும். அது நேராகக் கண்ணைப் பார்த்தே வருவதைப் போலத் தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஒரே ஒரு பாலிப்தானே என்று கண்ணாடி அணியாமல் வெட்டியதில் ஒரு துளி என் இடக்கண்ணில் விழுந்தது. உடனே ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவிய பிறகும் 2 நாட்கள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் மருத்துவரிடம் போய் நின்றேன். தங்களுக்கு அப்படி நேர்ந்தால், கழுவிய பின் வலி இல்லாவிட்டாலும் கண் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் விழிப்படலம் பாதிக்கப்பட்டால் அது மெதுவாகவும் வெளிப்படலாம். கையில் வெட்டுக்காயமோ நகக்கண் புண்ணோ இருந்தால் அது ஆறும் வரை வேலையைத் தள்ளிவையுங்கள். நீரை உறிஞ்சிக் குழாயில் வரவழைக்கும் போது வாயால் இழுக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். சமையலறையின் கத்தி, பலகை, கிண்ணம் எதுவும் இந்த வேலைக்கு வரக் கூடாது. இங்கிருந்து அங்கே திரும்பிப் போகவும் கூடாது.

பருத்திக் கையுறை மட்டும் வேண்டவே வேண்டாம். அது நனைந்து நஞ்சைத் தோலோடு பிடித்துவைக்கும் என்பது ஒரு காரணம். சூப்பர் க்ளூ பருத்தி இழைகளில் ஊறினால் மளமளவென்று இறுகி, தோலைச் சுடும் அளவுக்கு வெப்பத்தை வெளிவிடும் என்பது அதைவிடப் பலருக்கும் தெரியாத காரணம்.

இப்போது பசை. தங்கள் முயற்சி தோற்றதற்குப் பசை மட்டமானது என்று நினைத்திருப்பீர்கள். பசையில் குறையில்லை. சூப்பர் க்ளூவின் மூலப்பொருளான சயனோஅக்ரிலேட், ஈரம் பட்டவுடன் இறுகும் இயல்புடையது. நீருக்குள் கொண்டுபோன கணத்திலேயே அதன் மேற்பரப்பில் மெல்லிய தோல் போர்த்துக்கொள்கிறது. உள்ளே பசை இன்னும் பசையாகவே இருக்கும். அந்தத் தோலோடு துண்டைப் பாறையின் மேல் மெதுவாக வைத்தால், தொடுவது பசை அல்ல, இறுகிப்போன தோல்தான். இரவில் பம்பின் ஓட்டம் சற்றே தள்ளினால் போதும், அப்படியே பெயர்ந்து வந்துவிடும். கூடுதலாகப் பசை வைப்பதால் தோல் பெரிதாகுமே தவிரப் பிடிப்பு கூடாது. பிதுங்கிய பசை பாலிப்களின் மேல் வழிந்து வெள்ளைப் படலமாக இறுகிவிட்டது. இரண்டாம் முறை நடந்தது இதுவே.

ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். பசை பவளத்தின் சதையை நிலையாகப் பிடிப்பதே இல்லை. பவளத்தின் உடல் எப்போதும் கோழையைச் சுரந்து உதிர்த்துக்கொண்டிருப்பது. கோழையோடு பசையும் சேர்ந்து உதிர்ந்துவிடும். பசை நிலையாகப் பிடிப்பது கல்லைக் கல்லோடு மட்டுமே. பாறையைப் பற்றிக்கொள்ளும் வேலையைப் பவளமே செய்தாக வேண்டும், அதற்கு அது எடுத்துக்கொள்ளும் ஒன்றிரண்டு வாரங்களுக்கு அதை அசையாமல் வைத்திருப்பது மட்டுமே நம் பங்கு. எனவே பசை எங்கே படுகிறது என்பதை நினைத்துத்தான் பவளத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

ஜோவாந்திட்டைப் பொறுத்தவரை, அது அமர்ந்திருக்கும் கல் துணுக்கையோ, ஃப்ராக் பிளக் எனப்படும் சிறு பீங்கான் அடிக்கட்டையையோ ஒட்டினால் போதும். கல்லில்லாமல் பாய் போன்ற வெறும் அடித்தசையாக வந்திருந்தால், அந்தத் தசையின் அடியை டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி, ஓர் உலர்ந்த பிளக்கின் மேல் தொட்டிக்கு வெளியே ஒட்டிவிட்டு, அந்தப் பிளக் வழியாகவே பாறைக்குக் கொண்டுசெல்லுங்கள். நீர்ம வடிவச் சூப்பர் க்ளூ ஓடிவிடும். ஜெல் வடிவம் வாங்குங்கள். முதலில் தொட்டியின் பம்புகளையெல்லாம் நிறுத்துங்கள். பாறையில் ஒட்டவிருக்கும் இடத்தில் பாசியும் வழவழப்பும் இருந்தால் அதைத் தூரிகையால் சொரசொரப்பான கல் தெரியும் வரை துடைத்துவிடுங்கள். அங்கே பழைய ஜோவாந்திட் எதுவும் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிளக்கின் அடியை ஒற்றி உலர்த்தி, கடலை அளவு ஜெல் வைத்து, தயங்காமல் நீருக்குள் கொண்டுபோய், குறித்த இடத்தில் அழுத்தித் திருகுங்கள். அந்தத் திருகலில்தான் சூட்சுமம் இருக்கிறது: மேலே போர்த்த தோல் கிழிந்து, உள்ளிருக்கும் புதுப்பசை கல்லின் குழிகளுக்குள் இறங்கும். 30 முதல் 60 வினாடி வரை கையை அசைக்காமல் பிடித்து, 10 அல்லது 15 நிமிடம் கழித்துப் பம்புகளைத் திரும்ப ஓடவிடலாம்.

செங்குத்தான இடத்திலும், பாறைக்கும் பிளக்குக்கும் இடையே பொருந்தாத பள்ளம் இருக்கும் இடத்திலும் ஜெல் தனியாக நிற்காது. அங்கே நீருக்கடியில் இறுகும் இருகூட்டு எபோக்சி புட்டி வேண்டும். பலர் புட்டியை மட்டும் வைத்துவிட்டு அது ஒட்டவில்லை என்று நொந்துகொள்கிறார்கள். புட்டியின் வேலை பள்ளத்தை நிரப்புவது. ஒட்டுவதில் அது அவ்வளவு கெட்டி அல்ல. பிசைந்த புட்டி உருண்டையின் இரண்டு பக்கங்களிலும் ஜெல் தடவி, நடுவில் புட்டியும் மேலும் கீழும் பசையுமாக அழுத்தினால் பாறையே பெயர்ந்து வந்தாலும் துண்டு பெயராது. புட்டியைக் கையுறையோடு பிசையுங்கள். நீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவி அன்று கட்டுக்கடங்காமல் நுரைத்து வழிவது இயல்பு. கோப்பையைச் சற்று உயர்த்திவையுங்கள் அல்லது சில மணி நேரம் நிறுத்திவையுங்கள். தங்கள் தொட்டியின் அளவுக்கு ஒரே நாளில் ஒன்றிரண்டு உருண்டைக்கு மேல் வேண்டாம்.

படலம் மூடிய அந்த ஜோவாந்திட்டைத் தொடாதீர்கள். படலத்தை நகத்தாலோ இடுக்கியாலோ உரித்தால் பாலிப்பும் சேர்ந்து கிழியும், கிழிந்தால் நஞ்சும் வெளிவரும். அசிட்டோன் சூப்பர் க்ளூவைக் கரைக்கும் என்று எங்கேனும் படித்திருந்தால் அது மேசைக்கு உரியது, தொட்டிக்கு உரியதல்ல. ஓரத்தில் ஓரிரு பாலிப்கள் படலத்துக்கு வெளியே இருந்தாலும் அவை பக்கவாட்டில் பெருகி, படலத்தைத் தாண்டி வளர்ந்துவிடும். முழுதும் கூழாகி நாற்றம் வந்தால் மட்டும் பிளக்கோடு எடுத்து, மேலே சொன்ன ப்ளீச் கரைசலில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.

காளான் பவளத்துக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது வெண்ணெய்க்கட்டி போல வழுக்கும். பசை வைத்தால் பசையை விட்டுவிட்டுத் தான் மட்டும் நழுவிப் போய், தொட்டியின் மூலையில் தனக்குப் பிடித்த இருட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஆழமில்லாத சிறு பிளாஸ்டிக் டப்பாவில் விரல்நுனி அளவுக் கல் துணுக்குகளைப் பரப்பி, அவற்றின் மேல் காளானை வைத்து, வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டி, ஒளியும் நீரோட்டமும் குறைந்த ஓர் ஒதுக்கத்தில் வைத்துவிடுங்கள். 1 முதல் 2 வாரங்களுக்குள் அது தானே ஏதேனும் ஒரு துணுக்கைப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தத் துணுக்கை ஜெல் கொண்டு எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். டப்பாவுக்குள் நீர் தேங்கி அழுகாமல் இருக்கப் பக்கங்களில் சில துளைகள் இடுவது அவசியம். இந்த முறைக்குப் பொறுமை தவிர வேறு செலவில்லை.

தோல் பவளத்தின் அடித்தண்டு தடிமனாக இருப்பதால் அதைக் கட்டிவைக்கலாம். தண்டின் அடி ஒரு கல் துணுக்கின் மேல் நன்றாகப் பதியும்படி வைத்து, அகலமான ரப்பர் வளையத்தைத் தளர்வாகச் சுற்றுங்கள். அல்லது தண்டின் அடிப்பகுதியில் ஒரு பல்குச்சியைக் குறுக்காகச் செருகி, குச்சியின் இரு முனைகளையும் கல்லோடு கட்டுங்கள். மெல்லிய மீன்பிடி நரம்பை இறுக்கிக் கட்டினால் அது சில நாட்களில் தண்டை அறுத்துவிடும். அப்படி அறுபட்டு இரண்டாகிப்போன தோல் பவளங்கள் என்னிடம் வந்ததுண்டு. 2, 3 வாரங்களில் பிடித்துக்கொண்டதும் கட்டை அவிழ்த்துவிடலாம். இடம் மாறியதும் தோல் பவளம் பல நாட்கள் சுருங்கி, மேலே மெழுகு பூசியது போலாகி, பின்பு அந்தப் படலத்தை உரித்துப் போடும். புதிதாக வளர்ப்போர் இதை நோய் என்று அஞ்சி மருந்து போடுகிறார்கள். அது சட்டை உரிப்பதுதான்; படலம் எளிதில் போவதற்கு நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் போதும். இக்குலத்துப் பவளங்கள் அண்டை வீட்டாரை விரட்டுவதற்கு டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கலக்கும் இயல்புடையவை என்பதால், துண்டுபோட்ட நாளிலும் இடம் மாற்றிய நாளிலும் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுவதைக் கட்டாயமாகக் கொள்ளுங்கள். ஜோவாந்திட் வேலை செய்த நாளிலும் அதே கார்பன், நீரில் கலந்த நஞ்சைப் பிடித்துக்கொள்ள உதவும்.

ஒட்டும் இடத்தைத் தேர்வதில் தாங்கள் அவசரப்பட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் எல்லோரும் அவசரப்படுகிறோம். பிளக்கை ஒட்டாமலேயே உத்தேசித்த இடத்தில் ஒரு வாரம் சாய்த்துவைத்துப் பாருங்கள். அங்கே பாலிப்கள் நன்றாக விரிந்தால் பிறகு ஒட்டலாம். புதுத் துண்டுகளை முதலில் தொட்டியின் கீழ்ப்பகுதியில், மிதமான ஒளியில், நேராக அடிக்காத ஓட்டத்தில் வைத்து, பின்பு மேலே ஏற்றுவதே பாதுகாப்பு. நீளமான கழுத்தோடு பாலிப்கள் மேல்நோக்கி எம்பினால் ஒளி போதவில்லை என்று பொருள். தரையோடு ஒட்டிச் சப்பையாகச் சுருங்கினால் ஒளியோ ஓட்டமோ மிகுதி. உப்படர்த்தி 1.025 அருகிலும், வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும், காரத்தன்மை அதை அளக்கும் அலகான டி.கே.எச். கணக்கில் 8 முதல் 9 வரையிலும் நிலையாக இருந்தால் போதும். நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் போராட வேண்டாம். அப்பழுக்கற்ற நீரில் ஜோவாந்திட்கள் மெலிந்துபோகும்.

எத்தனை நாளில் விரியும் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல துண்டு சில மணி நேரத்திலேயே விரிந்துவிடும்; இடமும் நீரும் மாறியதில் அதிர்ந்த துண்டு ஒரு வாரம் மூடிக்கிடந்தாலும் கவலையில்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் மூடியே இருந்தால், அல்லது முதலில் விரிந்து பிறகு ஒவ்வொன்றாக மூடினால், நீரைச் சந்தேகப்படுவதற்கு முன் பூச்சியைச் சந்தேகப்படுங்கள். ஜோவாந்திட்டை மட்டுமே தின்னும் ஓடில்லா நத்தைகள் உண்டு. தாம் தின்ற பாலிப்பின் நிறத்தையே பூசிக்கொண்டு, சுருங்கிய பாலிப்களின் நடுவே பாலிப் போலவே உட்கார்ந்திருக்கும். வட்டமான கட்டம்போட்ட ஓடுடைய சூரியச்சக்கர நத்தையும் அப்படித்தான். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் விளக்கோடு பாருங்கள். பிளக்கின் அடிப்பக்கத்தில் வெள்ளைச் சுருளாக முட்டைகள் இருந்தால், துண்டைத் தனிப் பாத்திரத்தில் தொட்டி நீரும் பவளத்துக்கான அயோடின் கரைசலும் கலந்து, கரைசல் குப்பியில் குறித்த அளவில், குறித்த நேரம் மட்டும் முக்கி எடுக்க வேண்டும். அந்த முக்கல் நத்தையைத் தளர்த்தி விழவைக்கும். முட்டையை ஒன்றும் செய்யாது. ஆகையால் முட்டைகளைக் கையால் அகற்றிவிட்டு, 5 முதல் 7 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறையேனும் முக்கிப் பாருங்கள். இதைப் பாறையில் ஒட்டுவதற்கு முன்பே செய்வதுதான் எளிது. எனவே தங்களிடம் மீதமுள்ள துண்டுகளை இன்றே ஒட்டிவிடாமல், பிளக்கோடு மணலில் வைத்து, முதல் முக்கலை முடித்துக்கொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் அப்போதும் வேண்டும். துண்டை முக்கி எடுத்த நீரைக் கொட்டுவதற்கு முன் அதிலும் ப்ளீச் கலந்து அரைமணி நேரம் வைத்திருங்கள்.